ரம்மி திறமையா அதிர்ஷ்டமா: தப்பான கேள்வியிலயே ஓடிப்போன 58 வருஷம்

2020 நவம்பர் கடைசி வாரம். நாங்க நாலு பேர் சேர்ந்து வடபழனி பக்கம் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தோம், அதுல ஒருத்தனுக்கு ஃபோன்ல ரம்மி ஆடுறதுதான் பொழுதுபோக்கு, சாப்பிடும்போதும் இடது கையில ஆடிட்டே இருப்பான். அன்னிக்கு ராத்திரி, "டேய் மச்சி, கேஷ் டேபிளே காட்ட மாட்டேங்குதுடா"ன்னு கத்துனான். என்னன்னு எட்டிப் பாத்தா, உங்க மாநிலத்துல பணம் வெச்சு ஆட முடியாது, ப்ராக்டிஸ் டேபிள் மட்டும் ஆடலாம்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. அதே ஆப் அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல தொறந்துச்சு. 2023 ஏப்ரல்ல மறுபடி சிக்கல், நவம்பர்ல சரியாச்சு. 2025 பிப்ரவரிக்கு அப்புறம் ராத்திரி 12 மணி ஆனா வெளிய தள்ளுச்சு, ஆகஸ்ட்ல மொத்தமா மூடிட்டாங்க. அஞ்சு வருஷத்துல ஆட்டம் மாறல, அதே 13 சீட்டு, அதே ஜோக்கர், சட்டம் மட்டும் இத்தனை தடவை குட்டிக்கரணம் போட்டுருக்கு.

இந்தக் கதையை நியூஸ்ல துண்டு துண்டாத்தான் பாத்திருப்போம். மொத்தமா உக்காந்து படிச்சப்போ எனக்கு ஒண்ணு உறைச்சுது. இத்தனை கோர்ட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி, ரம்மி திறமையா அதிர்ஷ்டமான்னு. இத்தனைக்கும் முதல் தீர்ப்புலயே இன்னொரு கேள்வியும் இருந்துச்சு, மேசைக்குச் சொந்தக்காரன் லாபம் பாக்குறானான்னு. அதை ஒரு ஓரமா வெச்சுட்டாங்க.

அந்த முதல் கேஸ்ல இருந்தே போவோம். செகந்திராபாத்ல கிரெசன்ட் ரிக்ரியேஷன் கிளப்னு ஒண்ணு. அங்க பணம் வெச்சு ரம்மி ஆடுறாங்கன்னு போலீஸ் ரெய்டு, மாஜிஸ்ட்ரேட் தண்டனை குடுத்தாரு, ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு, ஆந்திர அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1967 நவம்பர்ல தீர்ப்பு, எழுதினவர் ஜஸ்டிஸ் ஹிதாயத்துல்லா. அவர் சொன்னது ரொம்ப சிம்பிள். மூணு சீட்டு சுத்தமான அதிர்ஷ்டம். ரம்மி அப்படி இல்ல, எந்த சீட்டு விழுந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கணும், எதை வெச்சுக்கணும் எதைக் கழிக்கணும்னு தெரியணும், அதனால பெரும்பங்கு திறமைதான். சீட்டு கலைச்சுப் போடுறதால கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்குன்னா அது பிரிட்ஜ்லயும்தான் இருக்கு.

இவ்வளவுதான் எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. ஆனா அதே தீர்ப்புல ஒரு கண்டிஷன் வருது: வேற விதத்துல சூது நடந்ததுக்கு ஆதாரம் இருந்தாலோ, அந்த வீட்டுக்காரரோ கிளப்போ பணம் வெச்சு ஆடுற ரம்மியில லாபம் பாத்தாலோ, குத்தம்னு நிரூபிக்க வழி இருக்கு. அந்த கிளப் சீட்டுக்கட்டுக்கும் உக்கார்ற இடத்துக்கும் கொஞ்சம் காசு வாங்குச்சு, அது அநியாயமா இல்லாத வரைக்கும் லாபக் கணக்குல வராதுன்னு விட்டுட்டாங்க. அதாவது ஆட்டம் சரியா தப்பான்றதுக்குப் பக்கத்துலயே, மேசைக்காரன் எவ்வளவு எடுக்குறான்னும் பாத்துருக்காங்க.

இப்ப ஃபோனுக்கு வாங்க. நம்ம ஊர் கல்யாண மண்டபத்துல ராத்திரி மாடியில ஜமுக்காளம் விரிச்சு 101 பாயிண்ட் ரம்மி ஆடுவாங்களே, சித்தப்பா மாமா எல்லாம் வட்டமா உக்காந்து, நடுவுல ஒருத்தர் காபிக்குப் போவாரு, ஒருத்தர் சீட்டைக் கலைக்கவே ரெண்டு நிமிஷம் எடுப்பாரு, ஒரு ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் கூட ஆகும், விடியும்போது ஒருத்தர் தோத்த காசு அங்கேயே இன்னொருத்தர் சட்டைப் பையில இருக்கும், மறுநாள் பந்தியில அவரே அதை வெச்சு வெத்தலை பாக்கு வாங்கிக் குடுப்பாரு. அந்தக் காசு மண்டபத்தை விட்டு வெளிய போகல. ஆப்ல ரெண்டு பேர் டேபிள், தோத்தவன் பாயிண்டுக்கு ஒரு ரூபா குடுக்கணும்னு வெச்சுக்கோங்க. சீட்டு சரியில்லன்னு முதல்லயே ட்ராப் பண்ணா 20 பாயிண்ட், பாதியில விட்டா 40, ப்யூர் சீக்வென்ஸ் (ஜோக்கர் இல்லாம சேர்ற வரிசை) இல்லாம மாட்டுனா அதிகபட்சம் 80. ஒரு ஆட்டம் மூணு நாலு நிமிஷத்துல முடிஞ்சுடும். சராசரியா ஒரு ஆட்டத்துல 30 ரூபா கை மாறுது, அதுல கம்பெனி பத்து சதவீதம் எடுத்துக்குதுன்னு பேச்சுக்கு வெச்சா, ஆட்டத்துக்கு 3 ரூபா. ரெண்டு பேரும் சமமான ஆட்டக்காரங்க, ராத்திரி முழுக்க 100 ஆட்டம் போட்டாங்கன்னா, இவன் 50 ஜெயிச்சு அவன் 50 ஜெயிச்சு, கடைசியில ரெண்டு பேரும் சேந்து 300 ரூபா கம்மி. ரெண்டு பேருமே திறமைசாலிதான், தோத்தது ரெண்டு பேரும்தான். போக்கர்லயும் இதேதான், அங்க அந்தப் பங்குக்கு ரேக்னு பேரு. யாரு யாரை ஜெயிக்கிறான்னு வேணா திறமை முடிவு பண்ணலாம், மேசைக்காரன் பங்குல அது கை வைக்க முடியாது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு தமிழ்நாட்டுக் கதையைப் பாருங்க.

நம்ம மாநிலத்துக்கு இந்த விஷயத்துல பழைய வரலாறு இருக்கு. 1930ல போட்ட சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கு, 2003 ஜனவரியில லாட்டரியை நிறுத்துனாங்க. குதிரைப் பந்தயத்தை நிறுத்தப் பாத்து, மெட்ராஸ் ரேஸ் கிளப் கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் அதுவும் திறமைதான்னு சொல்லிடுச்சு. 2012ல சென்னை ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச் பணம் வெச்சு ரம்மி ஆடுனா நடவடிக்கை எடுக்கலாம்னு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, அது சுப்ரீம் கோர்ட் போய் 2015ல ஒரிஜினல் மனுவையே வாபஸ் வாங்குனதுல பலம் இல்லாமப் போச்சு. அதுக்கப்புறம்தான் ஸ்மார்ட்ஃபோனும் சீப் டேட்டாவும் வந்து, கிரிக்கெட் மேட்ச் நடுவுல ரம்மி விளம்பரமா வந்து குவிஞ்சுது.

2020 ஜூலைல ஹைகோர்ட் மதுரை கிளையில ஒரு கேஸ் வந்துச்சு. பொது இடத்துல சீட்டாடுனாங்கன்னு போட்ட எஃப்ஐஆர் பத்தினது, சின்னக் கேஸ். ஜஸ்டிஸ் புகழேந்தி அதை விசாரிக்கும்போது, மரத்தடியில ஆடுறவனைப் பிடிக்கிறீங்க, ஃபோன்ல இத்தனை பேர் ஆடுறாங்களே அதுக்கு ஏன் சட்டம் இல்லைன்ற பக்கம் திரும்பி, அரசு இதுக்கு ஒரு சட்டம் கொண்டு வரணும்னு சொன்னாரு. கொரோனா ஊரடங்கு நேரம், வேலை இல்லாம வீட்டுல இருந்தவங்க கடன் வாங்கி ஆடித் தோத்து உயிரை விட்ட செய்தி அடுத்தடுத்து வந்துட்டிருந்துச்சு. நவம்பர் 20 அன்னிக்கு எடப்பாடி பழனிசாமி அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு, 2021 பிப்ரவரில அது சட்டமாவும் ஆச்சு. ஆடுறவனுக்கு 5,000 ரூபா அபராதம், 6 மாசம் ஜெயில். நடத்துறவனுக்கு 10,000 ரூபா, 2 வருஷம்.

சட்டம் எழுதுன விதம்தான் வில்லங்கம். திறமை ஆட்டமா இருந்தாலும் பணமோ பரிசோ வெச்சு ஆடக்கூடாதுன்னு ஒட்டுமொத்தமா வெட்டிட்டாங்க. கம்பெனிகள் ஹைகோர்ட் போனாங்க. 2021 ஆகஸ்ட் 3, தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, ஜஸ்டிஸ் செந்தில்குமார் ராமமூர்த்தி பெஞ்ச் சட்டத்தை மொத்தமா ரத்து பண்ணுச்சு. இப்படி அகலமா எழுதுனா ஊர்ல பரிசுத் தொகை வெச்சு நடத்துற ஃபுட்பால் டோர்னமென்ட் கூட குத்தம் ஆகிடும்ன்ற மாதிரி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எறும்பு கடிச்சதுக்கு வீட்டைக் கொளுத்துன கதை. அதோட, வேணும்னா சரியான அளவுல வேற சட்டம் கொண்டு வாங்கன்னும் விட்டுட்டாங்க.

அதுக்குள்ள ஆட்சி மாறிடுச்சு. இந்த விஷயத்துல ரெண்டு கட்சியும் ஒரே பக்கம்தான், நம்ம ஊர்ல அபூர்வம். 2022 ஜூன்ல ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு குழு போட்டாங்க, தற்கொலைத் தடுப்புல வேலை பாக்குற மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதுல இருந்தாங்க. ஜூன் 27 அன்னிக்கே அறிக்கை வந்துச்சு, ரெண்டு மூணு வாரத்துல! அக்டோபர்ல அவசரச் சட்டம், அதே மாசம் 19ஆம் தேதி சட்டசபையில மசோதா. இந்த தடவை எழுதுனதுல கொஞ்சம் புத்திசாலித்தனம் இருந்துச்சு, சூதாட்டத்துக்குத் தடை, மத்த ஆன்லைன் விளையாட்டுக்குக் கட்டுப்பாடு, அதுக்குன்னு ஒரு ஆணையம்னு பிரிச்சாங்க. ஆனா பின்னாடி ஒரு அட்டவணை, அதுல ரெண்டே ரெண்டு பேரு: ரம்மி, போக்கர். இந்த ரெண்டும் அதிர்ஷ்ட ஆட்டம்னு சட்டமே முடிவு பண்ணிடுச்சு. 1967ல சுப்ரீம் கோர்ட் திறமைன்னு சொன்னதை, 2022ல சட்டசபை ஒரு அட்டவணை போட்டு இல்லைன்னா கோர்ட் ஒத்துக்குமா? நான் சட்டம் படிச்சவன் இல்ல, எனக்கே அன்னிக்கு சந்தேகம் வந்துச்சு.

போக்கர் பத்தி ஒரு வார்த்தை. ரம்மிக்கு சுப்ரீம் கோர்ட் சர்டிஃபிகேட் இருக்கு, போக்கருக்கு அப்படி எதுவும் இல்ல. 2017ல குஜராத் ஹைகோர்ட் அது அதிர்ஷ்டம்னு சொல்லுச்சு, 2024ல அலகாபாத் ஹைகோர்ட் திறமைன்னு சொல்லுச்சு. மேற்கு வங்கச் சட்டத்துல போக்கருக்கு விலக்கே இருக்கு, நாகாலாந்துல லைசென்ஸ் குடுத்தாங்க. ஒரே ஆட்டம், பார்டர் தாண்டுனா வேற ஜாதகம்.

மசோதா கவர்னர் கிட்ட போய் உக்காந்துச்சு. நவம்பர் 27 அன்னிக்கு அவசரச் சட்டம் காலாவதி ஆச்சு, அதாவது கையில இருந்ததும் போச்சு. 2023 மார்ச் 6, நாலு மாசத்துக்கு மேல ஆகி, மாநிலத்துக்கு இப்படி சட்டம் போட அதிகாரம் இல்லைன்னு ஆர்.என். ரவி திருப்பி அனுப்புனாரு. மார்ச் 23 சட்டசபை மறுபடி நிறைவேத்துச்சு. ஏப்ரல் 10 அன்னிக்கு கவர்னர்களுக்குக் காலக்கெடு வேணும்னு ஸ்டாலின் சட்டசபையில தீர்மானம் கொண்டு வந்தாரு, அன்னிக்கே ஒப்புதல் கிடைச்ச செய்தியும் வந்துச்சு. இதுல சுவாரசியம் என்னன்னா, நாலு நாள் முன்னாடி, ஏப்ரல் 6, டெல்லியில ஐடி விதிகளைத் திருத்தி, சுய ஒழுங்குமுறை அமைப்பு சரின்னு சொன்ன பண விளையாட்டை ஆடலாம்னு ஒன்றிய அரசு சொல்லியிருந்துச்சு. ஒரே வாரத்துல ரெண்டு சர்க்கார், ரெண்டு திசை. அந்த சுய ஒழுங்குமுறை அமைப்பு கடைசி வரைக்கும் வரவே இல்ல, அது தனி கதை.

புதுச் சட்டத்துல ஆடுறவனுக்கு 3 மாசம் அல்லது 5,000 ரூபா, விளம்பரத்துக்கு ஒரு வருஷம் அல்லது 5 லட்சம், நடத்துறவனுக்கு 3 வருஷம் அல்லது 10 லட்சம், இல்லன்னா ரெண்டும். மறுபடி ஹைகோர்ட். 2023 நவம்பர்ல தலைமை நீதிபதி கங்காபூர்வாலா, ஜஸ்டிஸ் ஆதிகேசவலு பெஞ்ச் கத்தரிக்கோலை எடுத்து பாதியை வெட்டுச்சு. சட்டம் செல்லும், அதிர்ஷ்ட ஆட்டத்தைத் தடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனா ரம்மி போக்கர் அட்டவணை செல்லாது. நேர்ல ஆடுற ரம்மி வேற, ஆன்லைன் ரம்மி வேறன்னு அரசு சொன்ன வாதத்துக்கு ஆதாரம் வைக்கலைன்னுட்டாங்க. எதிர்ல ஆடுறது மனுஷனா, இல்ல கம்ப்யூட்டர் ப்ரோக்ராமான்னு தெரியாது, சீட்டு போடுறது சாஃப்ட்வேர், அதுக்கு எல்லார் கையும் தெரியும்னு சொன்னீங்க சரி, அதை நிரூபிக்க டேட்டா எங்கன்னு கேட்டா, கையில ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் வர்ற இடம் இதுதான். இத்தனை உயிர் போயிருக்குன்னு சொல்ற அரசு, ஒரு கம்பெனியோட சர்வர் பதிவை எடுத்து, ஆயிரம் பேர்ல எத்தனை பேர் ஜெயிச்சாங்க, எத்தனை பேர் தோத்தாங்க, கம்பெனி எவ்வளவு எடுத்துச்சுன்னு ஒரு கணக்கைக் கோர்ட்ல வெச்சிருந்தா வாதமே வேற மாதிரி போயிருக்கும். 1967 தீர்ப்புல இருந்த அந்த லாபக் கேள்வியைத் தூசு தட்டி எடுத்திருக்கலாம். அதை விட்டுட்டு ஜோக்கர் அதிர்ஷ்டமா திறமையான்னு மல்லுக்கட்டுனாங்க.

ஆனா அதே தீர்ப்பு ஒரு கதவைத் தொறந்து வெச்சுது: வயசு, நேரம், இதுக்கெல்லாம் கட்டுப்பாடு போடலாம். அந்தக் கதவு வழியாத்தான் ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரில விதிகளைக் கொண்டு வந்துச்சு. 18 வயசுக்குக் கீழ ஆடக்கூடாது, ஆதார் வெச்சு கேஒய்சி (ஆள் யாருன்னு சரிபாக்குறது), ராத்திரி 12ல இருந்து காலை 5 வரைக்கும் லாகின் கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுனா அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு நேரம் ஆடியிருக்க, எவ்வளவு செலவு பண்ணியிருக்கன்னு எச்சரிக்கை, தினம் வாரம் மாசம்னு ஆடுறவனே வரம்பு வெச்சுக்கணும். அந்த ரூம்மேட் அதுக்குள்ள கல்யாணம் ஆகி போரூர் பக்கம் போயிட்டான். ஒரு நாள் ஃபோன் பண்ணி, "என் பொண்டாட்டி சொல்லி நிறுத்தாதவன்டா நானு, இப்ப சிண்ட்ரெல்லா மாதிரி 12 மணிக்கு ஓட வேண்டியிருக்கு"ன்னான். சிரிச்சோம். ஆனா அந்த நள்ளிரவு அஞ்சு மணி நேரம்தான் இத்தனை சட்டத்துலயும் அவனைக் கொஞ்சமாவது தொட்டது, தோத்ததை எடுத்துடலாம்னு ரெண்டு மணிக்கு உக்கார்ற ஆட்டம் நின்னு போச்சுன்னு அவனே ஒத்துக்கிட்டான்.

கம்பெனிகள் இதையும் விடல. ஆதார் கேக்குறது அந்தரங்க உரிமை மீறல், கிளப்புக்கு இல்லாத நேரக் கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் ஏன்னு கேட்டாங்க. ஜூன் 3 அன்னிக்கு ஜஸ்டிஸ் எஸ்.எம். சுப்ரமணியம், ஜஸ்டிஸ் ராஜசேகர் பெஞ்ச் விதிகள் செல்லும்னு சொல்லிடுச்சு, பொது சுகாதாரம் மாநிலத்தோட பொறுப்பு, அந்தரங்க உரிமைக்கும் எல்லை உண்டுன்னு. இந்தத் தீர்ப்புல முதல் தடவையா பேச்சு திறமையை விட்டு நகந்து, ஆடுறவனுக்கு என்ன ஆகுதுன்ற பக்கம் போச்சு. தடைன்னு போனப்போ ரெண்டு தடவை தோத்த அரசு, கட்டுப்பாடுன்னு வந்தப்போ ஜெயிச்சுது.

ஜெயிச்சு மூணு மாசம் கூட ஆகல. 2025 ஆகஸ்ட் 20, ஆன்லைன் பண விளையாட்டையே தடுக்குற மசோதாவை ஒன்றிய அரசு லோக்சபாவுல எதிர்க்கட்சி கூச்சலுக்கு நடுவுல அன்னிக்கே அறிமுகம் பண்ணி அன்னிக்கே நிறைவேத்துனாங்க, 21 ராஜ்யசபா, 22 ஜனாதிபதி கையெழுத்து. திறமையோ அதிர்ஷ்டமோ ரெண்டும் கலந்ததோ, பணம் கட்டி பணம் எதிர்பாத்து ஆன்லைன்ல ஆடுனா அது தடை, அவ்வளவுதான். 58 வருஷ வாதத்தை ஒரு வரியில தூக்கிப் போட்டுட்டாங்க. நடத்துறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம், விளம்பரத்துக்கு 2 வருஷம், 50 லட்சம், பணம் பரிமாத்துற பேங்குக்கும் பேமென்ட் கம்பெனிக்கும் கூட தண்டனை. ஆடுறவனுக்கு ஒண்ணும் கிடையாது, அவன் பாதிக்கப்பட்டவன். தமிழ்நாட்டுச் சட்டத்தை விட இது ஒண்ணு உருப்படி, ஏன்னா தோத்தவனைப் பிடிச்சு உள்ள போடுறது என்ன நியாயம்னு எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல. வருஷத்துக்கு 45 கோடி பேர் கிட்டத்தட்ட 20,000 கோடி ரூபா இழக்குறாங்கன்னு அரசு தரப்புல மதிப்பீடு சொன்னாங்க. அந்தத் தொழில்கிட்டதான் 2023 அக்டோபர்ல இருந்து, போடுற முழுப் பணத்துக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டின்னு வசூல் நடந்துட்டிருந்துச்சு. இன்னொரு காமெடி, தடைச் சட்டம் வந்த அடுத்த மாசம் அந்த வரியை 40 சதவீதமா ஏத்துனாங்க. மூடுன கடைக்கு வாடகை ஏத்துன மாதிரி.

ட்ரீம்11னு ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப், அது இந்திய கிரிக்கெட் ஜெர்சியில இருந்து இறங்குச்சு, ரம்மி போக்கர் ஆப் எல்லாம் கேஷ் டேபிளை எடுத்துட்டாங்க. கர்நாடகா, டெல்லி, மத்தியப் பிரதேசம்னு மூணு ஹைகோர்ட்ல போட்ட கேஸை செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தன்கிட்ட மாத்திக்கிச்சு. அங்க போன கேள்விகள்ல ஒண்ணு, அரசியலமைப்புல பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியல், 34ஆவது இனம், அப்ப பாராளுமன்றம் எப்படி சட்டம் போடலாம்ன்றது. இங்கதான் எனக்கு சிரிப்பு வருது. சென்னையில கேஸ் நடந்தப்போ, இது இன்டர்நெட் சம்பந்தப்பட்டது, ஒன்றியத்தோட வேலை, மாநிலத்துக்கு அதிகாரமே இல்லைன்னு கம்பெனி பக்கம் வாதம் போச்சு. கவர்னரும் அதையேதான் சொன்னாரு. இப்ப ஒன்றியம் போட்டதும், ஐயோ இது மாநிலத்தோட வேலையாச்சேன்னு குரல் வருது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்.

போன வாரம் அந்த ரூம்மேட்டைப் பாத்தேன். ஆகஸ்ட்ல மூடும்போது பேலன்ஸை எடுத்துக்கோங்கன்னு ஆப்ல மெசேஜ் வந்துச்சாம், 212 ரூபா இருந்துச்சு, பேங்க்ல ஏறிடுச்சு. "எத்தனை வருஷ ஆட்டம்டா, கடைசியில 212 ஓவாவா?"ன்னேன். ஃபோனைத் தொறந்து டெலிகிராம்ல ஒரு லிங்க் காட்டுனான், அவன் தேடிப் போகல, தானா வந்து விழுந்துருக்கு. எந்த நாட்டு கம்பெனின்னு எங்கயும் இல்ல. ஆதார் கேக்கல, வயசு கேக்கல, பணம் யாரோ ஒரு தனி ஆள் யூபிஐ ஐடிக்குப் போடச் சொல்லுது, மேல பெருசா "24 மணி நேரமும்"னு எழுதியிருந்துச்சு. "ஆடலடா, சும்மா பாத்தேன்"ன்னு சொல்லிட்டு ஃபோனைக் கவுத்து மேசை மேல வெச்சான்.